பீகிள்களோடு மோப்பத்தடம் போக ஒரு காலை: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பீகிள் வளர்ப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். வீட்டுக்குள் தங்கமான நாய், வெளியே கூட்டிக்கொண்டு போனால் காதே கேட்காது. புல்லில் மூக்கை வைத்துவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது, பிஸ்கட்டைக் காட்டினாலும் திரும்பாது. அது அடம் இல்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் அது. வேட்டைக்காரர்கள் நடந்தே பின்னால் வருவார்கள். நாய்கள் கூட்டமாக முன்னே போய், முயல் போன வழியை மூக்காலேயே பிடித்து, ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டு போகும். குரலை வைத்து நாய் எங்கே இருக்கிறது என்று தெரியும், வால் நுனியில் உள்ள வெள்ளையை வைத்து உயரமான புல்லுக்குள்ளும் கண்டுபிடிக்கலாம். நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஏறக்குறைய 5 மில்லியன் என்றால், பீகிளுக்கு 200 மில்லியனுக்கு மேல். அமெரிக்காவில் 1984இலிருந்து விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் பிடித்துக்கொடுப்பது பீகிள்கள்தான்.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு, தனியார் அடுக்குமாடியான கொண்டோவின் கீழே நாலு சுற்று நடந்துவிட்டு லிஃப்டில் ஏறினால் அதற்கு எப்படிப் போதும்?

மோப்பத்தடம் என்பது எளிமையான விளையாட்டு. ஒருவர் முன்னால் நடந்து போய் எங்கேயாவது மறைந்து உட்கார்ந்துகொள்வார். அவர் போட்டிருந்த சாக்ஸை நாய்க்கு முகரக் கொடுத்து, அவர் போன வழியிலேயே நாய் நம்மைக் கூட்டிக்கொண்டு போக விடுவோம். கண்டுபிடித்தால் கோழி இறைச்சி. எந்தப் பிராணியையும் துரத்துவது கிடையாது, கயிறு எப்போதும் கையில் இருக்கும். ஐந்தாறு பீகிள்கள், அவற்றின் வீட்டுக்காரர்கள், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு இதில் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. கயிற்றைப் பிடிக்கும் நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்: எப்போது பின்னால் போவது, எப்போது நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது.

யார் வரலாம்

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தன் வீடுகளில் அனுமதித்த நாய் இனங்களின் பட்டியலில் பீகிள் இல்லை. ஆகவே இங்கே பீகிள் வைத்திருப்பவர்கள் கொண்டோவிலோ தரைவீட்டிலோ இருப்பவர்கள். வீவக வீட்டில் இருந்துகொண்டு பீகிள் மேல் ஆசை உள்ளவர்களும் தாராளமாக வரலாம், உண்மையில் அவர்கள்தான் மிகவும் தேவை. தடம் போடுகிறவர், அதாவது நடந்து போய் ஒளிகிறவர், நாய்க்கு அறிமுகம் இல்லாதவராக இருப்பது நல்லது. வீட்டு மனிதர்களையே தேடிக்கொண்டிருந்தால் நாய் வேறு யாரையும் தேடக் கற்றுக்கொள்ளாது. குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள், பெரியவர்களைவிடப் பொறுமையாக ஒளிந்திருப்பார்கள். ஆனால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

நாய்க்கு ஏவிஎஸ் (விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு) உரிமமும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். இது எல்லா நாய்க்கும் உள்ள சட்டம்தான். ஆனால் வாசனை பிடித்த பீகிள் கயிற்றை உருவிக்கொண்டு ஓடினால் வெகுதூரம் போய்விடும் என்பதால், உரிமப் பதிவில் இருப்பது இப்போதைய தொலைபேசி எண்தானா என்று பார்த்துவிடுங்கள். குட்டி என்றால் தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். உண்ணிக்கான மருந்தையும் தள்ளிப்போட வேண்டாம். பருவத்தில் இருக்கும் பெண் நாய் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும், அது வந்தால் மற்ற எந்த நாயும் வேலை செய்யாது. வயதான நாய், குண்டான நாய் இரண்டும் வரலாம், தடம் மட்டும் குட்டையாக இருக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

முக்கியமானவை இரண்டு. ஒன்று, நெஞ்சில் ஒய் எழுத்து வடிவில் உட்காரும் ஹார்னெஸ். கயிறு முதுகுப்பக்க வளையத்தில் மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் கட்டினால் பீகிள் இழுக்கிற இழுப்புக்குத் தொண்டை நெரியும், இருமிக்கொண்டிருக்கிற நாய் மோப்பம் பிடிக்காது. முன்பக்க வளையம் உள்ள ஹார்னெஸ் இழுப்பைக் குறைப்பதற்காகச் செய்தது. இங்கே நமக்கு நாய் இழுக்க வேண்டும். முடிந்தால் இந்த வேலைக்கென்று தனியாக ஒரு ஹார்னெஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதை மாட்டியவுடனே 'இப்போது இழுக்கலாம், மூக்கு சொல்கிற பக்கம் போகலாம்' என்று நாய்க்கே புரிந்துவிடும். சாதாரண நடைக்கு வேறு. இந்த வித்தியாசம் ஒருசில வாரத்தில் பிடிபட்டுவிடும், அப்புறம் சாதாரண நடையில் இழுப்பதும் குறைவதைப் பார்க்கலாம்.

இரண்டு, நீளக் கயிறு. புதியவர்களுக்கு 5 மீட்டர் போதும். 10 மீட்டர் கயிறு ஆரம்பத்தில் காலிலும் மரத்திலும் சிக்கிக்கொண்டே இருக்கும். பருத்திக் கயிறு ஈரத்தில் கனத்துவிடும். ரப்பர் பூச்சு போட்ட பட்டைக் கயிறு நம் ஊர் பனிப்புல்லுக்கு நல்லது, துடைத்தால் சேறு போய்விடும். பொத்தானை அமுக்கினால் உள்ளே சுருண்டுகொள்ளும் கயிறு வேண்டாம். அதில் எப்போதும் ஒரு இழுவை இருக்கும், நாய் தருகிற சேதி கைக்கு வராது. மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் கயிறு உரசித் தோல் கிழியாது.

மற்றவை எல்லாரிடமும் இருப்பவை: ஜிப் பை, தண்ணீர், கிண்ணம், பழைய துண்டு, விரித்துப் படுக்க ஒரு பாய், கழிவுப் பை, ஒரு பாக்கெட் துணிக் கிளிப். கிளிப் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

பரிசுக்கு உப்புப் போடாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக. நெத்திலிக் கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். நமக்கென்று கொண்டுவரும் பலகாரத்தில் கவனமாக இருங்கள். வடையில் வெங்காயம் இருக்கும், லட்டிலும் கேசரியிலும் உலர்திராட்சை இருக்கும். இரண்டும் நாய்க்கு விஷம், பீகிளோ திறந்திருக்கும் எந்தப் பைக்குள்ளும் தலையை விடும். பலகாரம் மூடிபோட்ட டப்பாவில், உயரத்தில் இருக்கட்டும்.

எங்கே, எப்போது

இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் உதிக்கிறது. ஏழுக்கு முதல் நாய் கிளம்பி, ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இரண்டு கெடுதல். மண்ணிலும் புல்லிலும் தங்கியிருந்த வாசனை சூட்டில் மேலெழும்பிக் கலைந்துவிடும். நாயோ இளைக்கத் தொடங்கும். வாயைத் திறந்து இளைக்கிற நாய் மூக்கை முழுசாகப் பயன்படுத்த முடியாது. அதிகாலையில் இருக்கும் ஈரப்பதம் வாசனையைக் கீழேயே பிடித்து வைக்கும். அந்த வகையில் சிங்கப்பூரின் காலைப்பொழுது மோப்பத்துக்குக் கொடுத்துவைத்தது. மாலை ஆறு மணிக்கு மேல் போகலாம் என்பார்கள். வெயில் இருக்காதுதான், ஆனால் நாளெல்லாம் காய்ந்த தரை சூட்டை விடாது, பூங்காவில் கூட்டமும் அதிகம்.

தூறல் ஒரு பிரச்சினையே இல்லை. கொட்டுகிற மழையும் இடியும் வந்தால் நிறுத்திவிட வேண்டும். திறந்த புல்வெளியில் நீளக் கயிற்றோடு மின்னலில் நிற்க வேண்டாம். புகைமூட்டக் காலத்திலும் வேண்டாம். இன்னும் இரண்டு விஷயம் நம் ஊருக்கே உரியவை: கொசுவுக்குப் புகை அடித்த இடம், அன்றைக்குப் புல் வெட்டிய இடம். பூச்சிமருந்துப் புகை அடித்த பக்கம் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். புதிதாக வெட்டிய புல்லின் வாடை தூக்கலாக இருக்கும். தேர்ந்த நாய்க்கு அது பயிற்சி, புது நாய்க்குக் குழப்பம். முந்தின நாள் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

முதல் முறைக்கு நான் சொல்வது, பெயர் பெற்ற பூங்கா எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்தில் மரமும் புல்லும் உள்ள அமைதியான ஓர் இடம் போதும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடற்காற்று வாசனையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும். ஆள் நடந்த கோட்டிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நாய் சரியாகத்தான் போகும், நாய் தப்பாகப் போகிறது என்று புதியவர்கள் இழுத்துவிடுவார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இடம் தாராளம், ஆனால் காலாங் ஆற்றங்கரையில் நீர்நாய்கள் உண்டு. குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் நாயைத் தாக்கத் தயங்காது, ஆகவே கரையை விட்டுத் தள்ளியே தடம் போடுங்கள். 2011இல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதை 24 கிலோமீட்டருக்கு நீள்கிறது. நேர்த்தடம் பழக அது அருமை, ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ் போன்ற இடங்களிலும் ஓரமான புல்தரைகள் கிடைக்கும். நாய்கள் அவிழ்த்துவிட்டு ஓடும் வேலிக்குள் மட்டும் வேண்டாம், அங்கே எல்லா நாயின் வாடையும் கலந்து கிடக்கும். சுங்கை பூலோ, புக்கிட் தீமா போன்ற இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளை விட்டுவிடுங்கள், அவை காட்டுயிர்களின் இடம். பெரிய கூட்டமாக, கூடாரம் போட்டு நடத்துவதாக இருந்தால் பூங்காக்களைக் கவனிக்கும் என்பார்க்ஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஐந்தாறு நாயோடு நிறுத்திக்கொண்டால் நமக்கும் நல்லது, பூங்காவுக்கு வருபவர்களுக்கும் நல்லது.

எம்ஆர்டியிலும் பேருந்திலும் நாயை ஏற்ற மாட்டார்கள். சொந்தக் காரோ, செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரோ முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலை

தடம் போடுகிறவர் நாள் முழுக்கப் போட்டிருந்த சாக்ஸைத் தானே கழற்றி, தானே ஜிப் பையில் போட்டு மூட வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. கோழித்துண்டு வைத்திருக்கும் பையிலோ, நாய்க்காரரின் பாக்கெட்டிலோ அதைப் போட்டு வைக்கக்கூடாது. ஒரே ஆள் மூன்று நாய்க்கு ஒளியப் போகிறார் என்றால் மூன்று துணிகள், மூன்று பைகள். கைக்குட்டை, டி-சட்டை எதுவானாலும் சரி, துவைத்தது மட்டும் ஆகாது.

நாய்க்குக் காலைச் சாப்பாட்டில் கால் பங்கு கொடுத்தால் போதும், அதுவும் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். பசி கொஞ்சம் இருக்கட்டும்.

வந்து சேர்ந்ததும்

காத்திருக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நல்ல நிழல், தொடங்கும் இடத்திலிருந்து குறைந்தது ஐம்பது அறுபது மீட்டர் தொலைவு, தடம் போடுவது கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பாய், தனித் தண்ணீர், இரண்டு நாய்க்கு நடுவில் நாலு அடி இடைவெளி. காருக்குள் நாயை விட்டுவிட்டு வரவே கூடாது. கண்ணாடியை இறக்கி வைத்தாலும் சரி, நிழலில் நிறுத்தினாலும் சரி, இந்த ஊர் வெயிலில் கார் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் வேலை செய்யும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு பீகிள் வாசனை பிடித்துக் குரல் கொடுத்தால் காத்திருக்கும் ஐந்தும் பதில் கொடுக்கும். அதற்குத்தான் அவற்றை வளர்த்தார்கள், அடக்கவும் முடியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அடுக்குமாடிப் பக்கத்தில் அந்தக் கச்சேரி நடந்தால் அடுத்த வாரம் நம்மை வரவிட மாட்டார்கள். ஆகவே காத்திருக்கும் நாய்க்கு மெல்லுவதற்கு ஏதாவது கொடுங்கள், அதிகமாகக் கத்தும் நாயை முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

முதல் தடம்

முதல் தடத்துக்குச் சாக்ஸே வேண்டாம். ஒளிகிறவர் நாயின் மூக்குக்கு நேரே கோழித்துண்டைக் காட்டி, குரலை உயர்த்தி அதன் ஆசையைக் கிளறிவிட்டு, காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். பதினைந்து இருபது மீட்டரில் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொள்ள வேண்டும். நாய் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் மறைந்தவுடன் ஒரே ஒரு சொல் சொல்லி, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நாயைப் போக விடுங்கள். 'தேடு', 'போ', எதுவானாலும் சரி, குழுவில் எல்லாரும் அவரவர் நாய்க்கு ஒரு சொல்லை நிலையாக வைத்துக்கொண்டால் போதும். நாய் பாய்ந்து போய்க் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் ஒளிந்திருந்தவர்தான் கோழி கொடுக்க வேண்டும், நீங்கள் இல்லை. ஒரு துண்டோடு நிறுத்தாமல் ஒரு கைப்பிடி, ஒவ்வொன்றாக, பாராட்டிக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடித்தால் சொர்க்கம் என்று நாய்க்குப் பதிய வேண்டும்.

இதை இரண்டு முறை செய்துவிட்டு ஓய்வு. அடுத்த சுற்றில் நாய் பார்க்காதபோது ஆள் போகட்டும், முப்பது நாற்பது மீட்டர், நேர்க்கோடு. இந்த முறை காற்று நாயின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். ஆளின் வாடை காற்றில் நேராக முகத்துக்கு வந்துவிட்டால் நாய் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். முதுகுக்காற்றில்தான் மூக்கு தரைக்கு இறங்கும். தொடங்கும் இடத்தில் ஜிப் பையைத் திறந்து தரையில் வைத்து, நாய் தானாக மூக்கை விடும்வரை பொறுத்திருங்கள். சாக்ஸை எடுத்து மூக்கில் தேய்க்க வேண்டாம், நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்றாவது சுற்றில் ஒரு திருப்பம் சேருங்கள். அதற்கு மேல் முதல் நாளில் போக வேண்டாம். ஒரு நாய்க்கு மூன்று நான்கு குட்டித் தடங்கள், நடுவில் நல்ல ஓய்வு, அவ்வளவுதான்.

கயிற்றைப் பிடிப்பவருக்கு

வாசனை எப்படி இருக்கும் என்று மனதில் ஒரு படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவை காலடியிலேயே விழுந்து கிடப்பதில்லை. வீட்டில் சாம்பிராணி போட்டால் புகை எப்படிப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள்: தட்டுக்கு மேலேயே நிற்காது, மெல்லக் காற்றுப் போகும் பக்கம் நகர்ந்து, மூலையிலும் திரைச்சீலையிலும் தங்கும். அதேபோலத்தான் இதுவும். வேலி ஓரம், சுவர் அடி, மரத்தடி, பள்ளம், முக்கியமாகக் கால்வாய், இங்கெல்லாம் வாசனை போய்ச் சேரும். ஆள் நடைபாதையில் நடந்திருப்பார், நாய் பக்கத்துக் கால்வாய் விளிம்பை ஒட்டியே போகும். போகட்டும், அதன் கணக்குச் சரிதான். கால்வாய்க்குள் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு தொய்ந்து தரையில் இழுபடக்கூடாது, விறைத்தும் இருக்கக்கூடாது. லேசான இழுப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும். வாசனையில் இருக்கும் நாய் ஒரே சீராக இழுக்கும், மூக்கு கீழே இருக்கும், வால் வேகமாக ஆடும். அந்த இழுப்பு எந்த நொடியில் மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மைனா என்று ஏழு வயதுப் பெண் பீகிள் ஒன்று எங்கள் குழுவில் இருக்கிறது. அதைப் பார்த்தால் புதியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தடம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தருகே இடப்பக்கம் திரும்பியிருந்தது. மைனா திருப்பத்தைத் தாண்டி நேராக ஐந்தாறு மீட்டர் போய்விட்டது. கயிற்றில் இருந்த இழுப்பு மெதுவாகக் குறைந்தது. விர்ரென்று ஆடிக்கொண்டிருந்த வால் இடுப்போடு சேர்ந்து நிதானமாயிற்று. தலை நிமிர்ந்தது, வாய் மூடியது, ஒரு தும்மல் போலப் புஸ்ஸென்று மூச்சை வெளியே விட்டது. வீட்டுக்காரர் அசையவே இல்லை. மைனா வலப்பக்கம் ஒரு அரைவட்டம் போட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து மரத்தின் வேரடியில் மூக்கை வைத்தது, வேரோடு சேர்த்து மோந்தது, இரண்டு அடி இடப்பக்கம் போனது. அடுத்த நொடி கழுத்து தாழ்ந்து, வால் பழையபடி ஆடத் தொடங்கி, கயிறு சுண்டியது. வீட்டுக்காரர் அப்போதுதான் ஓர் அடி எடுத்து வைத்தார்.

நாய் நின்று யோசிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் புதியவர்கள் 'இங்கே பாரு, இந்தப் பக்கம்' என்று விரலை நீட்டுவார்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை நாய் மூக்கைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். தடம் எங்கே போகிறது என்று கயிறு பிடிப்பவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில நாளில் நீங்களே சொல்வீர்கள். முதல் சில தடங்களில் தெரிந்திருக்கட்டும், ஆனால் நாயைவிட முன்னால் திரும்பாதீர்கள், தோளைக்கூடத் திருப்பாதீர்கள். பீகிள் அதையும் கவனிக்கும்.

நாய் வாசனையை இழந்துவிட்டதாகத் தோன்றினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், கயிறு முழு நீளமும் விடுங்கள், அது வட்டம் போடட்டும். ஒரு நிமிடம் கடந்தும் கிடைக்கவில்லை என்றால், பேசாமல் கடைசியாகச் சீராக இழுத்த இடத்துக்குக் கூட்டிவந்து மறுபடி விடுங்கள். பூனை போன வழி, யாரோ போட்ட கோழி எலும்பு இவற்றில் மூக்கு மாட்டிக்கொண்டால் இழுப்பு வேறு மாதிரி இருக்கும்: சின்ன இடத்தையே சுற்றிச் சுற்றி மோக்கும், வால் விறைக்கும். அதட்ட வேண்டாம், பின்தொடராமல் நின்றால் போதும். தானாக வேலைக்குத் திரும்பியதும் கூடவே போங்கள்.

எந்தத் தடமும் ஆள் கிடைக்காமல் முடியக்கூடாது. நாய் தோற்றுப்போகும் என்று தெரிந்தால் ஒளிந்திருப்பவர் லேசாக இருமலாம், காலை அசைக்கலாம். கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு முடிப்பதுதான் முக்கியம்.

தடம் போடுகிறவருக்கு

காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டாம், சாதாரணமாக நடந்தால் போதும். திருப்பங்களில் துணிக் கிளிப்பைத் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டுப் போங்கள், அப்புறம் சந்தேகம் வந்தால் வழி தெரியும். மரத்தில் ரிப்பன் கட்டுவது, நடைபாதையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது, மாவு தூவுவது எதுவும் வேண்டாம். கிளிப்பை எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பையை ஆளில்லாமல் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இந்த ஊரில் யாராவது காவல்துறைக்குத் தொலைபேசி போட்டுவிடுவார்கள், அது அவர்கள் கடமை.

ஒளியும் இடம் மற்றவர்களுக்குச் சங்கடம் தரக்கூடாது. விளையாட்டுத் திடல், கழிவறைப் பக்கம் கூடாது. புதருக்குள் நுழையவும் வேண்டாம், பாம்பு இருக்கலாம். மரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். நாய் வந்ததும் பயந்து எழக்கூடாது. பீகிள் மடியில் ஏறி முகத்தை நக்கும், அதற்கு மனசு தயாராக இருப்பவர்தான் இந்த வேலைக்கு வர வேண்டும்.

பூங்காவில் மற்றவர்களோடு

நீளக் கயிறு ஆளில்லாத புல்லில் மட்டும்தான். நடைபாதை வந்தால் கையில் சுருட்டி ஒரு மீட்டராக்குங்கள். சைக்கிள் பாதையைக் கடக்கும்போது நாய் எவ்வளவு ஆசையாக இழுத்தாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும்.

எதிரே வருபவர் யார் என்று பார்த்து நாமே ஒதுங்குவது நல்ல பழக்கம். மலாய்க் குடும்பங்கள் பலருக்கு நாயின் எச்சில் பட்டால் முறைப்படிக் கழுவ வேண்டும். நம் பாட்டிமார்கள் சிலருக்கு நாய் என்றாலே நடுக்கம். 'ஒன்றும் செய்யாது' என்று சொல்வதைவிடக் கயிற்றைச் சுருட்டி ஓரமாக நின்று வழிவிடுவது அவர்களுக்கு நிம்மதி. குழுவில் ஒருவர் எப்போதும் முன்னால் நடந்து வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகட்டும்.

உடும்பு, குரங்கு, காட்டுக்கோழி கண்ணில் பட்டால் கயிற்றைச் சுருட்டித் திரும்பிவிடுங்கள். தேரையை நாய் வாயால் கவ்வினால் நுரை தள்ளும். வாயை வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சூடு

இதைச் சுருக்கமாகச் சொல்ல மனசில்லை, ஏனென்றால் பீகிள் தானாக நிறுத்தாது. மூக்கு வேலை செய்யும்வரை போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டியது நீங்கள்தான். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் தண்ணீர், குறைந்தது இருபது நிமிடம் நிழல். நாக்கு நீண்டு அகலமாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு ரத்தச் சிவப்பாவது, நடை தள்ளாடுவது, வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இடத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று காலையிலேயே எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

முடிந்ததும்

கடைசி நாய் ஆளைக் கண்டுபிடித்த பிறகு எல்லாப் பீகிள்களையும் குட்டைக் கயிற்றில் ஒன்றாகப் பத்து நிமிடம் நடத்திக் கூட்டிவாருங்கள். காலை முழுக்கத் தனித்தனியாக உட்கார்ந்திருந்த நாய்கள் அப்போது ஒன்றையொன்று மோந்து, தோளோடு தோள் உரசி நடக்கும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். கழிவை எடுத்தோமா, கிளிப் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். ஹாக்கர் சென்டருக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. யாராவது இருவர் போய்ப் பிராட்டாவும் கோப்பியும் டபாவ் பண்ணிக்கொண்டு வந்தால் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

அந்த நேரத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்: தடத்தின் நீளம், எத்தனை திருப்பம், ஆள் போய் எத்தனை நிமிடம் கழித்து நாய் கிளம்பியது, காற்று எந்தப் பக்கம், எங்கே தடுமாறியது. அடுத்த முறை இவற்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நீளத்தைக் கூட்டினால் திருப்பம் அப்படியே இருக்கட்டும். நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து இருபதாக்கினால் நீளத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் நாய் எதனால் தடுமாறியது என்று தெரியாமல் போகும்.

வீட்டுக்குப் போனதும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, காதைத் தூக்கி உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் புண்ணாகும். அப்புறம் உண்ணி. கால்விரல் இடுக்கு, காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், வால் அடி என்று விரலால் தடவித் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணை மட்டும் நம்பினால் போதாது. இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், நசுக்க வேண்டாம். ஹார்னெஸையும் கயிற்றையும் அலசிக் காய வையுங்கள்.

அன்று மாலை நாய் நன்றாகத் தூங்கும். மறுநாளும் வழக்கம்போல விளையாடவில்லை என்றால் கொஞ்சம் அதிகமாக வேலை வாங்கிவிட்டோம் என்று அர்த்தம், அடுத்த முறை ஒரு தடத்தைக் குறையுங்கள். உண்ணிக்காய்ச்சல் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். அந்த நாட்களில் சோர்வு, ஈறு வெளுப்பு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து பீகிள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய், புல்வெளிக்குப் போய்வந்த தேதியையும் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.